சைகோன் போன செவ்வாய்க்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தன் வீட்டு ஹாலில் ஒரு வரலாற்றுத் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடும் என்று இயேசுதாசன் நம்பினார். அதற்காக வெள்ளை பெல்பாட்டம் போட்டுக்கொண்டார். அது 1968இல் தைத்தது. பொத்தான் போட மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். பேச மூச்சை விட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய அவர் காலையிலிருந்து பழகிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு ஓர் ஆம்பிளிஃபயரைப் பற்றியது. வீட்டில் அதற்கு ஆம்ப் என்று பெயர். கறுப்பு நிறம், நான்கு ஸ்பீக்கர், இயேசுதாசனின் மாமியார் உயரம், மாமியார் அகலம். சிங்கப்பூர் கிளமெண்டியில் அவர்களுடைய மூவறை வீட்டில் அது குளிர்சாதனப் பெட்டிக்கு எதிரே நின்றது. அதனால் குளிர்சாதனப் பெட்டியின் கதவு ஒரு சாண்தான் திறக்கும். முட்டையை ஒவ்வொன்றாக எடுக்கலாம், தட்டோடு எடுக்க முடியாது. குடிவந்து ஐந்து வருஷமாக உர்சுலா பக்கவாட்டில் நின்று, ஒரு கையை மட்டும் உள்ளே விட்டு, தடவிப் பார்த்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். மீன் என்று நினைத்துத் தோசை மாவை எடுத்த நாளும் உண்டு.

"அதைத் தூக்கிடுங்க" என்பாள்.

"அது சரித்திரம்" என்பார் இயேசுதாசன்.

ஐந்து வருஷமாக இதுதான் உரையாடல். போன வாரம்தான் முதன்முறையாக முன்னேற்றம் ஏற்பட்டது. பழைய மியூசிக் பேண்ட் ரசிகர் மன்றத்திலிருந்து இரண்டு பேர் பேட்டிக்கு வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்பு இயேசுதாசன் 'சில்வர் கிராப்ஸ்' என்ற குழுவில் முன்னணி கிட்டார் வாசித்தவர். இப்போது ஒரு கப்பல் கம்பெனியில் சரக்குச் சீட்டு எழுதுகிறார். மன்றம் டிசம்பரில் பழைய குழுக்களை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தப்போகிறது. யார் யார் சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதியாகிறதோ அவர்கள் பெயர்தான் சுவரொட்டியில் வரும்.

"ஒரு பந்தயம்" என்றார் இயேசுதாசன். "அவங்க வந்து விசாரிக்கட்டும். நான் சொன்னதெல்லாம் நிஜம்னு எழுதிட்டாங்கன்னா ஆம்ப் இங்கேயே இருக்கும். அப்புறம் நீ அதைப் பத்திப் பேசக் கூடாது."

"இல்லன்னு எழுதிட்டா?"

"எடுத்துடறேன்."

"சரி" என்றாள் உர்சுலா.

உடனே சரி என்று சொன்னது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. பதின்மூன்று வருஷத்தில் அவள் எதற்கும் உடனே சரி என்று சொன்னதில்லை. கோயிலில் பாதிரியார் கேட்டபோதுகூட ஒரு வினாடி யோசித்துத்தான் சொன்னாள்.

"நீ டீ குடுத்தாப் போதும். வேற ஒண்ணும் பேச வேணாம்."

"நான் எதுக்குங்க பேசப் போறேன்?"

நான்கு மணிக்குப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் ஜார்ஜ், இருபத்து நான்கு வயது, ஏர்கான் டெக்னீஷியன், அவர்களுடைய பங்குக் கோயிலிலேயே பாடற்குழுவில் இருப்பவன். இன்னொருவன் நூருல் அமீன், நூலகத்தில் வேலை, அதனால் எதையும் நம்புவதற்கு முன் அட்டவணைப்படுத்துகிறவன். கையில் மூன்று கோப்புகள் கொண்டுவந்திருந்தான். மூன்றிலும் இயேசுதாசன் பெயர் எழுதியிருந்தது. இயேசுதாசனுக்கு மனம் நிறைந்தது. தன்னைப் பற்றி மூன்று கோப்பு இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

இருவரும் முதலில் ஆம்பைப் பார்த்தார்கள். ஜார்ஜ் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இதுதானா அங்கிள், சைகோன் ஆம்ப்?"

"இதேதான். எழுபதுல, வியட்நாம் சண்டை நேரத்துல, சைகோன்ல, அமெரிக்கன் கேம்ப்ல ஆறு மாசம் வாசிச்சோம். கடைசி நாள் ஒரு சார்ஜென்ட் அழுதுகிட்டே குடுத்தான். 'யூ டேக் இட், மேன்'னான்."

உர்சுலா டீயும் கறிபப்பும் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல நிறைய இருந்தது. அந்த ஆம்ப் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வாங்கியது. இயேசுதாசன் சைகோனுக்குப் போகவே இல்லை. போவதாக இருந்தார். குழு மொத்தமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, தடுப்பூசிகூடக் குத்திக்கொண்டது. அப்போதுதான் உர்சுலாவின் அப்பா, குண்டு விழுகிற ஊருக்குப் போகிறவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார். இயேசுதாசன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உர்சுலாவோடு திருமண ஆயத்த வகுப்பில் போய் உட்கார்ந்தார். குழு வேறொரு கிட்டார்காரரோடு பறந்தது. ஆறு மாதம் கழித்து அவர்கள் நிறையக் கதைகளோடு திரும்பி வந்தார்கள். அதில் சிறந்த மூன்றை இயேசுதாசன் எடுத்துக்கொண்டார். வருஷம் போகப் போக அவருக்கே அந்தச் சார்ஜென்டின் முகம் ஞாபகத்துக்கு வர ஆரம்பித்தது.

நூருல் அமீன் முதல் கோப்பைப் பிரித்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. சில சந்தேகம் இருக்கு. நாங்க ரசிகருங்க, அதனாலதான் கேக்கறோம். மத்தவங்கன்னா நம்பிடுவாங்க."

"கேளு தம்பி. தங்கத்தை எவ்வளவு உரசினாலும் தங்கம்தான்." மூச்சு கொஞ்சம் கூடுதலாக விட்டதால் பொத்தான் முனகியது.

"அறுபத்தேழுல காத்தோங் ஷோவுல, கரண்டு போனப்பறமும் நீங்க பதினோரு நிமிஷம் தனியா வாசிச்சதாச் சொல்லியிருக்கீங்க."

"ஆமா. பதினோரு நிமிஷம். கூட்டம் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு."

"உங்களது எலக்ட்ரிக் கிட்டார் அண்ணே. கரண்டு இல்லாம எப்படிக் கேட்டுச்சு?"

இயேசுதாசன் இந்தக் கதையை நூறு பேரிடம் சொல்லியிருக்கிறார். நூறு பேரும் கை தட்டினார்கள். அவர்கள் யாரும் நூலகத்தில் வேலை பார்க்கவில்லை.

"முன் வரிசைக்குக் கேட்டுச்சு" என்றது ஒரு குரல்.

உர்சுலா. தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"நீங்க பாத்தீங்களா அக்கா?"

"நான் முன் வரிசைல இருந்தேன். பின்னாடி இருந்தவங்களுக்குக் கேக்கல. அதனாலதான் உறைஞ்சு நின்னாங்க."

நூருல் அமீன் பேனாவின் மூடியைக் கழற்றினான். பிறகு, 'முன் வரிசை சாட்சி உண்டு' என்று எழுதிக்கொண்டான்.

இயேசுதாசன் மனைவியைப் பார்த்தார். பந்தயத்தில் தோற்பதற்காக ஒருத்தி இப்படி உதவுவாளா? ஒருவேளை, பதின்மூன்று வருஷம் கழித்துத் தன் பெருமை அவளுக்கு உறைத்திருக்கலாம் என்று நினைத்தார். அந்த எண்ணம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாவது கோப்பு முடியைப் பற்றியது. ஆண்கள் முடி வளர்த்தால் அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று படம் போட்டு ஒட்டியிருந்த காலத்தில், தான் கத்தரிக்குத் தலை குனியவே இல்லை என்று இயேசுதாசன் மன்றத்தின் செய்தி மடலில் சொல்லியிருந்தார். ஒரு தபால்தலை வாங்கக் காலையிலிருந்து சாயந்திரம்வரை நின்றதாகவும், தொலைக்காட்சி வாய்ப்பு அதனாலேயே போனதாகவும் சொல்லியிருந்தார். இப்போது அவர் தலையில் அதைப் பற்றி வாதிக்க எதுவும் மிச்சமில்லை.

நூருல் அமீன் ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தான். "எழுபத்து மூணு. உங்க கம்பெனி விளையாட்டு விழா மலர். சாக்கு ஓட்டத்துல மூணாவது பரிசு."

படத்தில் இயேசுதாசன் சாக்குக்குள் நின்றார். முடி புதிதாகச் சேர்ந்த போலீஸ்காரர் மாதிரி ஒட்ட வெட்டியிருந்தது.

"அது..." என்றார் இயேசுதாசன்.

"விக்" என்றாள் உர்சுலா.

"விக்கா?"

"நீள முடியைச் சுருட்டி உள்ள வச்சு, மேல குட்டை முடி விக் மாட்டிக்குவாரு. ஆபீசுக்கு மட்டும்."

"சாக்கு ஓட்டத்துக்கும் விக்கோடவா அக்கா ஓடினாரு?"

"அதனாலதான் மூணாவது. இல்லன்னா முதல் பரிசு."

"ரொம்ப வேர்க்கும் தம்பி" என்று இயேசுதாசன் சேர்த்துக்கொண்டார். தன் பங்குக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா?

நூருல் அமீன் எழுதிக்கொண்டான். ஜார்ஜ் மட்டும் எழுதவில்லை. கறிபப்பையும் தொடவில்லை. சங்கடமாக நெளிந்தான்.

"அங்கிள், மூணாவது என்னோடது. சைகோன் விஷயம். வேற யார்கிட்டயும் கேட்டு உறுதி பண்ண முடியல. உங்க டிரம்மர் ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல இருக்காரு, பதில் போடல. பாடகர் தவறிட்டாரு. பேஸ் கிட்டார்காரர் இன்ஷூரன்ஸ் விக்கறாரு. பாலிசி எடுத்தாத்தான் பேசுவேன்றாரு."

"அவன் அப்படித்தான்" என்றார் இயேசுதாசன் நிம்மதியாக.

"எனக்கும் ஆனிக்கும் டிசம்பர்ல கல்யாணம். வகுப்புக்குப் பேர் குடுக்கக் கோயில் ஆபீசுக்குப் போனேன். அங்க பழைய வருகைப் பதிவேடு இருந்துச்சு. சும்மா புரட்டினேன் அங்கிள்." ஜார்ஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "எழுபது, ஆகஸ்ட், செப்டம்பர். திருமண ஆயத்த வகுப்பு, ஏழு செவ்வாய்க்கிழமை. ஏழுலயும் உங்க கையெழுத்து இருக்கு. அந்த ரெண்டு மாசமும் உங்க பேண்ட் சைகோன்ல."

இயேசுதாசனின் பொத்தான் அறுந்து ஆம்புக்கு அடியில் உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

அவர் தன் வாழ்க்கையில் எத்தனையோ நாள் வகுப்புக்கு மட்டம் போட்டிருக்கிறார். ஒழுங்காகப் போனது அந்த ஏழு செவ்வாய்தான்.

"எங்க அண்ணன்" என்றாள் உர்சுலா.

மூவரும் திரும்பினார்கள்.

"எங்க அண்ணன் அருளானந்தம் இவருக்குப் பதிலா வந்து கையெழுத்துப் போட்டாரு. இவரு சைகோன்ல இருந்தாரு, வேற என்ன செய்யறது? ஏழு வாரம் முடிக்காட்டி சாமியார் ஓலை வாசிக்க மாட்டாரு."

ஓலை என்பது, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பது. அது ஜார்ஜுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதது வேறு.

"கல்யாண வகுப்புல... உங்க அண்ணனோடவா ஆன்ட்டி உக்காந்தீங்க?"

"பின்னே? தனியாவா உக்கார முடியும்?"

ஜார்ஜ் இயேசுதாசனைப் பார்த்தான். "அப்படியா அங்கிள்?"

இயேசுதாசன் ஆம்பைப் பார்த்தார். மனக்கண்ணில், சுவரொட்டியில் தன் பெயரைப் பார்த்தார். "நல்ல மச்சான். அந்த மாதிரி மச்சான் யாருக்குக் கிடைக்கும்" என்றார்.

நூருல் அமீன் கோப்பை மூடினான். "அப்ப மூணும் சரி. எழுதிடறேன்."

வென்றாயிற்று. இயேசுதாசன் சோபாவில் சாய்ந்து, முதன்முறையாக முழு மூச்சு விட்டார். இப்போது தடுக்கப் பொத்தானும் இல்லை.

"ஆனா ஆன்ட்டி" என்றான் ஜார்ஜ். அவன் நல்ல பையன், அதுதான் பிரச்சினை. "அப்ப அங்கிள் இன்னும் வகுப்பே முடிக்கலியே?"

"எனக்கும் அதான் மனசுல உறுத்தல்" என்றாள் உர்சுலா. "பதின்மூணு வருஷமா. சாமியார்கிட்ட சொல்லவும் பயம். உங்க வகுப்பு எப்ப ஆரம்பிக்குது ஜார்ஜ்?"

"வர்ற செவ்வாய், ஆறரை மணி."

"இவரும் வந்துடுவாரு. நானும் வரேன், இந்த வாட்டி."

"எதுக்கு?" என்றார் இயேசுதாசன். "கல்யாணம்தான் ஆயிடுச்சே. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"நீங்கதான் சைகோன்ல இருந்தீங்களே" என்றாள் உர்சுலா. குரலில் எந்த மாற்றமும் இல்லை. "இருந்தீங்கதானே?"

ஜார்ஜ் பார்த்துக்கொண்டிருந்தான். நூருல் அமீன் பேனாவின் மூடியை மறுபடி கழற்றினான்.

"இருந்தேன்" என்றார் இயேசுதாசன். "வரேன்."

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் பதினொரு இளம் ஜோடிகள் உட்கார்ந்திருந்தன. இயேசுதாசனும் உர்சுலாவும் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று, "குட் ஈவினிங் டீச்சர்" என்றார்கள். அவர்கள் பன்னிரண்டாவது ஜோடி என்று விளக்க ஐந்து நிமிஷம் ஆனது. சாமியார் முந்தின நாளே உர்சுலாவிடம், "கட்டாயமில்லை அம்மா, ஆனால் கெடுதலும் இல்லை" என்று சொல்லியிருந்தார். வகுப்பு நடத்தியது அல்போன்சம்மாள் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. நாற்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் இருந்தவர். வருங்கால மாப்பிள்ளைகளையும் அதே வகுப்பாகத்தான் நடத்தினார்.

முதல் வாரம், பெண்ணை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். இரண்டாம் வாரம், மாமியாரிடம் எப்படி நடந்துகொள்வது என்று பாடம் எடுத்தார். இயேசுதாசனுக்கு அதில் பதின்மூன்று வருஷ அனுபவம் இருந்தும் தவறான விடைகளே வந்தன. மூன்றாம் வாரம் முதலிரவைப் பற்றிய பயத்தை எப்படிப் போக்குவது என்ற பாடத்தில், "உங்களுக்கு என்ன பயம், சொல்லுங்க" என்று அவரையும் கேட்டார்கள். நான்காம் வாரம் பிள்ளை பெறுவதைத் திட்டமிடும் அட்டவணையைக் கட்டம் போட்டு நிரப்பினார். ஜார்ஜ் எட்டிப் பார்த்துக் காப்பியடித்தான்.

ஒவ்வொரு வாரமும் இடைவேளையில் ஜார்ஜ் ஆனியிடம், "இந்த அங்கிள்தான் சைகோன்ல இருந்ததால வகுப்புக்கு வர முடியாமப் போனவரு" என்று சொல்வான். ஆனி கண்களை அகல விரித்து, "குண்டு விழுந்துச்சா அங்கிள்?" என்பாள். இயேசுதாசன் மைலோவைக் குடித்துக்கொண்டே, "விழும்" என்பார். பக்கத்தில் உர்சுலா அவருக்காக பிஸ்கட்டை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

ஏழாவது செவ்வாய் கடைசிப் பாடம். அல்போன்சம்மாள் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்.

"மாப்பிள்ளைங்க எல்லாரும், பொண்ணுகிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒரு உண்மையை எழுதுங்க. பொண்ணு மட்டும்தான் படிப்பா. உண்மைன்னு அவளுக்குப் பட்டா கீழ கையெழுத்துப் போடுவா. கையெழுத்து இல்லாம சான்றிதழ் கிடையாது. பேசாதீங்க. பக்கத்துல பாக்காதீங்க."

கூடம் பரீட்சை அறைபோல அமைதியானது. இயேசுதாசன் யோசித்து, 'போன கிறிஸ்துமஸ் கேக்கில் பாதியை முந்தின நாளே சாப்பிட்டது நான்தான். பிள்ளைகள் அல்ல' என்று எழுதி நீட்டினார்.

உர்சுலா படித்தாள். "தெரியும்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அதை அடித்துவிட்டு, 'உன் அம்மா வரும் ஞாயிறுகளில் ஆபீசில் வேலை இருந்ததில்லை' என்று எழுதினார்.

"இதுவும் தெரியும்."

சுற்றிலும் பதினொரு ஜோடிகளும் முடித்துவிட்டன. ஆனி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜார்ஜ் என்னதான் எழுதினானோ. அல்போன்சம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னிரண்டாம் நம்பர், இன்னும் முடியலையா?" என்றார்.

இயேசுதாசன் உர்சுலாவைப் பார்த்தார். அதே மாதிரிக் கூடம், அதே மாதிரி மடக்கு நாற்காலி. எழுபதாம் வருஷம் அவள் இப்படித்தான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவர் காதில் ஆறு வாரத்துக்கு விமானச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழாவது வாரம் கேட்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஒரு ராக் கிட்டார்காரருக்கு மரியாதை இருக்காது.

குனிந்து எழுதினார். 'நான் சைகோன் போகவில்லை. உன்னோடு இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். போயிருக்கலாமோ என்று இதுவரை ஒருநாளும் தோன்றியதில்லை. ஆம்ப் சுங்கை ரோட்டில் வாங்கியது.' தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார்.

உர்சுலா இரண்டு முறை படித்தாள். அவருடைய பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள். அவள் மூக்கு லேசாகச் சிவந்திருந்தது.

வகுப்பு முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். நன்றாக இருட்டியிருந்தது. சான்றிதழை இயேசுதாசன் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"ஒரு விஷயம்" என்றாள் உர்சுலா. "சனிக்கிழமை ஜார்ஜ் லாரி கொண்டு வர்றாரு."

"எதுக்கு?"

"ஆம்ப் எடுக்கத்தான். நிகழ்ச்சியில வாசல்ல வச்சுக் காட்டுவாங்களாம். அப்புறம் மன்றத்திலேயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"பந்தயத்துல ஜெயிச்சது நான். மூணும் சரின்னு எழுதிட்டாங்கல்ல. ஆம்ப் வீட்லதான் இருக்கும்."

"இருக்கட்டும்ங்க. உங்க இஷ்டம்." கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "அப்ப இந்தக் காகிதத்தை ஜார்ஜ்கிட்ட குடுத்துடவா?"

இரண்டு பேருந்துகள் வந்து போயின. இரண்டும் அவர்களுடையதல்ல.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரான்?" என்றார் இயேசுதாசன்.

"பத்து."

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு ஒன்று தோன்றியது. "கேக்கு விஷயம் தெரியும்னு சொன்னே. உங்கம்மா விஷயம் தெரியும்னே. நான் சைகோன் போகாததும் உனக்குத் தெரிஞ்சதுதானே? ஏழு வாரமும் பக்கத்துல உக்காந்தவளே நீதான். இதை மட்டும் ஏன் தெரியும்னு திருப்பிக் குடுக்கல?"

உர்சுலா சாலையின் கோடியைப் பார்த்துப் பேருந்துக்குக் கை காட்டினாள்.

"தெரியும்தாங்க. எழுத்துலதான் இல்லாம இருந்துச்சு."